ருசி பார்க்க வைத்த பாட்டில்

அந்தச் சனிக்கிழமை வரைக்கும் சிந்தியாவுக்குத் தெரிந்த பயமெல்லாம் டார்கெட் பயம்தான். மாதக் கடைசிக்குள் இத்தனை பாட்டில் போகவில்லையென்றால் மேசையைப் பிடுங்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்கிற பயம். அதெல்லாம் ஒரு பயமா என்று அன்று சாயங்காலம் அவளே நினைத்துக்கொண்டாள்.

பெங்களூரில் அல்சூர் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் ஆலிவ் ஆயில் விற்பது லேசுப்பட்ட வேலை இல்லை. காலை பத்து மணிக்கு மேசையைப் போட்டு, பச்சைத் துணி விரித்து, ரொட்டித் துண்டை எண்ணெயில் தொட்டுக் குச்சி குத்தி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கால் கடுத்தால் உட்காரக் கூடாது. முகம் சிரித்தபடியே இருக்க வேண்டும். வருகிறவர்களோ ஆளுக்கு ஒரு தினுசு. ஜிம்முக்குப் போகிறவர்கள் கேள்வியே கேட்காமல் ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அதை வைத்து என்ன செய்வார்களோ தெரியாது. வடக்கத்திப் பெண்கள் பூரி பொரிக்கலாமா என்று கேட்பார்கள். ஜோகுபாளையத்து ஆட்களுக்கு ஆலிவ் ஆயில் என்றால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற குட்டி டப்பா, பிறந்த குழந்தைக்குத் தேய்க்கிறது. "இதைப் போய் ஊத்தித் தாளிக்கச் சொல்றியே, உனுக்கே நல்லாருக்கா?" என்பார்கள். கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள் இன்னும் மோசம். சாகக் கிடக்கிற ஆள் நெற்றியில் ஃபாதர் பூசுகிற எண்ணெய் ஞாபகம் வந்து நகர்ந்து போய்விடுவார்கள்.

இத்தனையும் தாண்டி ஒருத்தர் ரொட்டியை வாயில் போட்டால், போட்ட வேகத்தில் முகம் சுளிக்கும். எக்ஸ்ட்ரா வர்ஜின் அப்படித்தான். பச்சை இலையைக் கசக்கின வாசனை, நாக்கில் கசப்பு, தொண்டையில் ஒரு காறல். அதுதான் நல்ல எண்ணெய்க்கு அடையாளம் என்று ட்ரெய்னிங்கில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதைச் சொன்னால், "அப்ப கெட்ட எண்ணெய் இருந்தா காட்டும்மா" என்று சிரிப்பார்கள். அவள் கையில் கம்பெனி கொடுத்த ஃபாரம் ஒன்று உண்டு. வீட்டில் என்ன எண்ணெய், ஆலிவ் ஏன் வாங்குவதில்லை, பெயர், ஃப்ளாட் நம்பர், போன் நம்பர். ஏன் வாங்குவதில்லை என்ற இடத்தில் முக்கால்வாசி பேர் 'டேஸ்ட்' என்றுதான் எழுதினார்கள்.

யோசனை சொன்னது மாமியார் மௌரீன்தான். நாற்பது வருஷம் கான்வென்ட் கிச்சனில் ஊறுகாய் போட்டவள். "கொஞ்சம் கடலெண்ணெய் கலந்து வுடு. காறல் அடங்கிடும். ருசி பார்க்கத்தானே, விக்கிற பாட்டில்லியா கலக்கப் போறே?" என்றாள் ஒரு நாள் மீன் கழுவிக்கொண்டே. நியாயமாகத்தான் பட்டது. மர்ஃபி டவுனில் கண்ணெதிரே மரச்செக்கில் ஆட்டிக் கொடுக்கிற கடையில் கடலெண்ணெய் வாங்கி, மேசைமேல் இருக்கிற பாட்டிலில் மட்டும் பாதிக்குப் பாதி கலந்தாள் சிந்தியா. மறுநாளே கதை மாறிவிட்டது. சாப்பிட்டவர்கள் இன்னொரு துண்டு கேட்டார்கள். வாங்கிப் போனவர்கள், வீட்டில் கசந்தால் தங்கள் கைப்பக்குவத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டார்கள், பாவம். ரெண்டே மாதத்தில் ஊரிலேயே அதிகமாக ஓடுகிற மேசை அவளுடையது. ஏரியா சூப்பர்வைசர் கிஷோர் வாட்ஸ்அப் குரூப்பில் அவள் போட்டோவைப் போட்டு, 'அல்சூர் ராணி' என்று எழுதினான்.

அந்தச் சனிக்கிழமை கிஷோர் நேரிலேயே வந்திருந்தான். ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு ஆளையும் கூட்டி வந்திருந்தான். இந்த மேசை மட்டும் எப்படி இப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்த ஆள். கழுத்தில் கார்டு, கையில் நோட்டு. சிந்தியா மேசைத் துணியை மறுபடி மறுபடி இழுத்துச் சரி பண்ணினாள்.

அந்த நேரம் பார்த்து உஷா வந்தாள். ஏரிக்கு எதிரே இருக்கிற அபார்ட்மென்டில் இருப்பவள், சாஃப்ட்வேர் கம்பெனி வேலை, சொந்த ஊர் ஈரோடு. புருஷன் ஹைதராபாத்தில். போன வாரம் தனியாக வந்து ருசி பார்த்து ஒரு பாட்டில் வாங்கிப் போயிருந்தாள். இன்றைக்கு ஆறு வயது மகள் வைஷ்ணவியும் கூட இருந்தாள்.

"என்னங்க சிந்தியா, இங்க சாப்பிட்டா அவ்வளவு நல்லா இருக்குது, வீட்ல ஊத்துனா கசக்குதுங்க. பாப்பா ரெண்டு நாள் சாப்பிட்டா, அப்புறம் தொடவே மாட்டேங்கறா. வேற எதையாச்சும் மாத்திக் குடுத்துட்டீங்களா?"

நோட்டு வைத்திருந்த ஆள் நிமிர்ந்து பார்த்தான். கிஷோர் சிரிப்பை மாற்றாமல் சிந்தியாவைப் பார்த்தான்.

"அது பழைய பேட்ச் மேடம். இது புதுசு. இதை எடுத்துனு போய்ப் பாருங்க" என்று, மேசைமேல் இருந்த பாட்டிலிலிருந்தே ஒரு சின்னக் காலி பாட்டிலில் ஊற்றி, மூடி போட்டு உஷாவின் பையில் வைத்தாள். அதற்குள் வைஷ்ணவி ரொட்டிக்குக் கை நீட்டிவிட்டாள்.

"இரு கண்ணு." உஷா மகளின் கையைப் பிடித்தாள். "இவளுக்கு வேர்க்கடலை ஒத்துக்காதுங்க. சுத்தமா ஆகாது. எங்க போனாலும் கேட்டுத்தான் குடுப்பேன். இதுல அந்த மாதிரி எதுவும் இல்லீங்களே?"

யோசிக்க ஒரு நிமிஷம் இருந்தது. சிந்தியா நினைத்துப் பார்த்தாள்: கடலை எங்கே இருக்கிறது, வெறும் எண்ணெய்தானே, கடலையைத் தின்றால்தானே ஆகாது. அப்படி ஒரு கணக்கை மனசு போட்டது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்குக்குக் கீழே ஒரு நடுக்கமும் இருந்தது, அதுவும் உண்மைதான். பக்கத்தில் ரெண்டு ஆபீஸர்கள் நிற்கிறார்கள்.

"இல்ல மேடம். பியூர் ஆலிவ்."

குழந்தை ரெண்டு துண்டு தின்றது.

பில் போடுகிற வரிசையில்தான் சத்தம் கேட்டது. முதலில் இருமல். அப்புறம் உஷாவின் குரல், "வைஷூ! வைஷூ, இங்க பாரு!" சிந்தியா எட்டிப் பார்த்தபோது குழந்தையின் உதடு தடித்திருந்தது. கண் ரெண்டும் வீங்கிச் சிறுத்துவிட்டன. கழுத்தெல்லாம் சிவப்பாகத் தடிப்பு. மூச்சை இழுக்கிறது, உள்ளே போகமாட்டேன் என்கிறது. யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். உஷா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றைச் செருப்போடு ஓடினாள். இன்னொரு செருப்பு பில் கவுண்டருக்குக் கீழேயே கிடந்தது.

"ப்ரெட்" என்றார் கடை மேனேஜர், ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள்ளாகவே. "ஆலிவ் ஆயில் அந்தக் கொழந்தை வீட்ல சாப்பிட்டிருக்குன்னு அந்த அம்மாவே மேசைகிட்ட சொன்னாங்களாமே? ஒண்ணும் ஆகல. அப்ப ப்ரெட்தான்."

பேச்சு அதோடு முடிந்தது. ரொட்டி வெட்டிக் கொடுத்த பேக்கரி கவுண்டர் சரளாவை அந்த இடத்திலேயே ஏப்ரனைக் கழற்றச் சொன்னார்கள். "நான் இன்னா சார் போட்டேன்? தினம் போடுற ப்ரெட்தானே சார்?" என்று கேட்டுக்கொண்டேதான் அவள் ஏப்ரனைக் கழற்றினாள். போகும்போது சிந்தியாவைத்தான் பார்த்தாள். சிந்தியா மேசைத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நோடு சிந்தியா" என்றான் கிஷோர் காதோரமாக, பாதிக் கன்னடத்தில். "நம்ம மேல ஒண்ணும் இல்ல. மேசையை எடுத்துடு, வீட்டுக்குப் போ, வாயைத் தெறக்காதே. ஆயித்தா, புரிஞ்சுதா?"

கடைக்குப் பின்னால் கை கழுவுகிற இடத்தில் பாட்டிலைக் கவிழ்த்தாள். எண்ணெய் மெதுவாகத்தான் இறங்கியது. சோப்புப் போட்டுக் கழுவினாள், திரும்பவும் கழுவினாள். கடலை வாசனை விரலை விட்டுப் போகவில்லை.

ஜோகுபாளையத்தில் அவர்கள் வீடு ஒரு சந்துக்குள், மாடியில். வந்து சேர்ந்தபோது மதியம் ரெண்டு மணி, வானம் மூட்டமாக இருந்தது. மௌரீன் கருவாட்டுக் குழம்புக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்கூல் வேன் ஓட்டுகிற புருஷன் அமலுக்குச் சனிக்கிழமை அரை நாள்தான், பாய் போட்டுப் படுத்திருந்தான். சிந்தியா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

மௌரீன் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "யேசுவே! நான் ருசிக்குச் சொன்னேன்டீ. நான் ருசிக்குத்தானே சொன்னேன்?"

"கொழந்தை எப்படி இருக்கு?" என்றான் அமல்.

"தெரியல. ஆஸ்பத்திரில இருக்கு."

"பாட்டில்?"

"கொட்டிட்டேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல."

அமல் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "அப்ப முடிஞ்சுது. கேளு, சிந்தி. போலீஸ் கேஸ் ஆச்சுன்னா உன்னை மட்டும் இட்டுனு போவமாட்டாங்கோ. வேன் ஓட்டுறவன் பொண்டாட்டி கொழந்தைக்கு விஷம் குடுத்தாள்ன்னு பேப்பர்ல வந்தா எந்த ஸ்கூல் எனுக்கு வேன் குடுக்கும்? யாரு பெத்தவங்க புள்ளைய ஏத்துவாங்கோ?"

"விஷம்னு சொல்லாதீங்க."

"நான் சொல்லல. ஊரு சொல்லும்."

மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் குழம்பு கொதிப்பதுகூடக் கேட்கவில்லை. மௌரீன் சோறு போட்டு வைத்தாள், யாரும் தொடவில்லை. கீழே சந்தில் ஏதாவது வண்டி நின்றால் மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். சிந்தியாவின் மனசு கேட்ட கேள்வி ஒன்றுதான்: குழந்தை உயிரோடு இருக்கிறதா? கேட்கப் பயம். கேட்காமல் இருக்கவும் பயம்.

ஆறு மணிக்கு சரளா போன் செய்தாள்.

"சிந்தியா, கொழந்தை பொழைச்சுக்கிச்சாம். மேனேஜர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாராம். ஊசி போட்டு, சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்து, இப்பதான் டிஸ்சார்ஜ் பண்ணாங்களாம்."

சிந்தியா சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மாதாவே" என்றாள்.

"ஆனா என் வேலை போச்சு" என்றாள் சரளா. அழுது முடித்த குரல். "ப்ரெட்தான்னு டாக்டரும் சொல்லிட்டாராம். எள்ளோ என்னவோ இருக்கும், கடை ப்ரெட்டே குடுக்காதீங்க, வீட்ல எப்பவும் சாப்பிடுறதையே செஞ்சு குடுங்கன்னாராம். நீ பார்த்தே இல்ல? நான் ப்ரெட்ல எள்ளா போட்டேன்? சொல்லு."

"இல்ல" என்றாள் சிந்தியா.

"அதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்றேன். யாரும் நம்பல." போனை வைத்துவிட்டாள்.

"பார்த்தியா?" அமலின் முகம் தெளிந்துவிட்டது. "வூட்டுக்கே போயிடுச்சு. எழுந்திரு. சாப்பிடு."

மௌரீன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு குழம்பைச் சூடு பண்ணப் போனாள். சிந்தியாவும் எழுந்தாள். தட்டை இழுத்தாள். சோற்றைப் பிசைந்து வாய் வரைக்கும் கொண்டு போனவளுக்குக் கை அங்கேயே நின்றுவிட்டது.

வீட்டில் எப்பவும் சாப்பிடுவது. ஆலிவ் ஆயில் அந்தக் குழந்தை வீட்டில் சாப்பிட்டிருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. கசக்கிறது என்பதுதான் குறை. கசக்காத புது பேட்ச் உஷாவின் பையில் இருக்கிறது.

"ஐயோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் மௌரீன் கரண்டியைத் தவறவிட்டாள்.

"அந்த அம்மாகிட்ட ஒரு பாட்டில் குடுத்தேன்! கலந்தது! நானே ஊத்திக் குடுத்தேன்!"

பைக்குள் கையை விட்டு ஃபாரங்களைக் கொட்டினாள். எச்சில் கையாலேயே தேடினாள். போன வாரத்து ஃபாரம் கிடைத்தது. நம்பரைப் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டாள். ஸ்விட்ச் ஆஃப்.

"மெசேஜ் போடாதே" என்றான் அமல் சட்டென்று. "எழுத்துல வேணாம். அதுவே சாட்சி ஆயிடும்."

"போன் ஆஃப்ல இருக்குறவங்களுக்கு மெசேஜ் போட்டு இன்னா ஆவப் போவுது? நான் போறேன்."

"போயி இன்னா சொல்வே?"

"ஊத்தாதீங்கன்னு சொல்வேன்."

"ஏன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"சிந்தி, சும்னே இரு. கலவரத்துல இருப்பாங்கோ, எண்ணெயை எல்லாம் எடுக்கவே மாட்டாங்கோ. காலையில போன் பண்ணிக்கலாம்."

"காலையில அது உயிரோட இல்லன்னா?"

அமல் கதவுக்குக் குறுக்கே நின்றான். மௌரீன் தலையைக் குனிந்துகொண்டு, "அவ சொல்றதும்..." என்று ஆரம்பித்து, மகன் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். சிந்தியா அவன் தோளைத் தள்ளினாள். அவன் நகரவில்லை, ஆனால் பலமாக நிற்கவும் இல்லை. படியிறங்கி மழையில் ஓட ஆரம்பித்தாள். சந்து முனை திரும்புவதற்குள் பின்னாலேயே பைக் வந்து நின்றது.

"ஏறு" என்றான் அமல். ஃபாரத்தில் இருந்த ஃப்ளாட் நம்பரைச் சொல்லி, ஏரிக்கு எதிரே இருக்கிற அபார்ட்மென்டுக்கு விடச் சொன்னாள்.

கேட்டில் வாட்ச்மேன் விடமாட்டேன் என்றான். இன்டர்காமில் கூப்பிட்டான், எடுக்கவில்லை. "மனேல இல்ல போல, வீட்ல யாரும் எடுக்கல" என்றான். "இருக்காங்க, கூப்பிடு, தயவு செஞ்சு கூப்பிடு" என்று அவன் மேசையைத் தட்டினாள். மூன்றாவது தடவை எடுத்தார்கள். ஆயில் கம்பெனிப் பெண் வந்திருக்கிறாள் என்றான். "அனுப்புங்க" என்று உஷாவின் அசந்த குரல் கேட்டது.

நாலாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வறுத்த கடலை வாசனை. ரெண்டு மாதமாகத் தினமும் முகர்ந்த வாசனை, வராந்தாவெல்லாம் வந்துகொண்டிருந்தது.

உஷா கதவைத் திறந்து, "நீங்களா, எதுக்குங்க இந்த மழைல..." என்பதற்குள் சிந்தியா அவளை இடித்துக்கொண்டு, ஈரச் செருப்போடு உள்ளே ஓடினாள். மேசை முன்னால் வைஷ்ணவி உட்கார்ந்திருந்தாள். கையில் ஊசி குத்தின இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. தட்டில் தோசை, வாயில் ஒரு விள்ளல். சிந்தியா தட்டைத் தட்டிவிட்டாள். வாய்க்குள் விரலை விட்டாள். குழந்தை வீறிட்டது.

"பைத்தியமா உங்களுக்கு? விடுங்க எம்புள்ளைய!" உஷா அவள் முடியைப் பிடித்து இழுத்தாள்.

"அந்த எண்ணெய்ல கடலெண்ணெய் கலந்திருக்கு மேடம்! நான்தான் கலந்தேன்! கடையில குடுத்ததும் அதுதான்! ப்ரெட் இல்ல மேடம், ப்ரெட் இல்ல!"

உஷாவின் கை முடியிலேயே நின்றது. "நான் கேட்டேனே" என்றாள் மெதுவாக. "நான் உங்ககிட்ட கேட்டேனே."

"கேட்டீங்க மேடம். பொய் சொன்னேன். எத்தினி தோசை மேடம்?"

"இது ரெண்டாவது."

அடுத்த நிமிஷம் ரெண்டு பேரும் லிஃப்டில் இருந்தார்கள். நடுவில் குழந்தை. பார்க்கிங்கில் உஷா காரைத் திறந்தாள், குழந்தையைப் பின் சீட்டில் போட்டாள், அப்படியே நின்றாள். அவள்தான் ஓட்ட வேண்டும். குழந்தையைப் பிடித்துக்கொள்ள வேறு யாரும் இல்லை.

"ஏறுங்க" என்றாள்.

சிந்தியா ஏறினாள். குழந்தையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கேட்டைத் தாண்டும்போது அமல் பைக்கை விட்டு எழுந்து நிற்பது தெரிந்தது. கார் அவனைத் தாண்டிப் போனது.

ஏரி ரோடு முழுக்க வண்டி. உஷா ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்ணாடியில் பார்க்கவும் இல்லை.

"மூச்சு எப்படி இருக்குதுன்னு சொல்லிட்டே வாங்க. நிறுத்தாதீங்க. உள்ளதைச் சொல்லுங்க."

"நல்லாருக்கு மேடம்."

"உதடு?"

"காலையில வீங்கின வீக்கம் கொஞ்சம் இருக்கு. புதுசா இல்ல."

சிக்னலில் ஒரு பஸ் குறுக்கே நின்றது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கழுத்தைச் சொறிந்தது. சிந்தியா அந்தச் சின்ன விரலை விலக்கிப் பார்த்தாள். தெரு விளக்கு வெளிச்சத்தில் தடிப்பு ஒன்று கிளம்பியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. சொன்னால் முன்னால் இருப்பவள் கை நடுங்கும், வண்டியை எதன்மேலாவது விட்டுவிடுவாள். சொல்லாவிட்டால் என்ன, ரெண்டு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வந்துவிடும். வாய் 'நல்லாருக்கு' என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தது, அதற்குப் பழகின வாய்.

"மேடம், கழுத்துல தடிப்பு வருது. ரெண்டு. மூணு."

"மூச்சு?"

காதைக் குழந்தையின் மார்பில் வைத்தாள். "லேசா விசில் மாதிரி சத்தம் வருது மேடம்."

உஷா ஸ்டியரிங்கை ஒடித்து, பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் காரைத் திணித்தாள். காரின் பக்கக் கண்ணாடி உடைந்து விழுகிற சத்தம் கேட்டது. "சொல்லிட்டே வாங்க!" என்று கத்தினாள்.

"கண்ணு தெறந்துதான் இருக்கு மேடம். என்னைப் பார்க்குது. சத்தம் அப்படியேதான் இருக்கு. ஏறல. இன்னும் ஏறல மேடம்."

எமர்ஜென்ஸி வாசலில் நர்ஸ் ஓடி வந்து குழந்தையை வாங்கினாள். காலையில் பார்த்த நர்ஸ்தான் போலிருக்கிறது, உஷாவைப் பார்த்து, "அய்யோ, மறுபடியுமா? என்ன சாப்பிட்டா?" என்றாள். உஷா திரும்பி சிந்தியாவைப் பார்த்தாள். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். வாசலில் ஹெல்மெட்டோடு அமல் வந்து நின்றான்.

"கடலெண்ணெய் சிஸ்டர்" என்றாள் சிந்தியா. குரல் அவளுக்கே அந்நியமாக, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது. "மரச்செக்குல ஆட்டினது. பாதிக்குப் பாதி. ரெண்டு தோசை, அதுல ஒண்ணு முழுசா. சாப்பிட்டு இருபது நிமிஷம் இருக்கும். காலையிலயும் இதேதான். நான் கலந்தது."

நர்ஸ் உள்ளே பார்த்து மருந்து பெயரைக் கத்திக்கொண்டே ஓடினாள். ஊசியோடு டாக்டர் அதற்குள் கட்டிலுக்கு வந்துவிட்டார். கண்ணாடிக் கதவு ஆடி ஆடி மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் இருமல் கேட்டது. அப்புறம், ரொம்ப நேரம் போல இருந்ததற்குப் பிறகு, குழந்தை தொண்டை திறந்து பெரிதாக அழுகிற சத்தம் வந்தது.

அமல் வந்து சிந்தியாவின் தோளைப் பிடித்தான். "வா" என்றான் காதில். "அவங்க உள்ள இருக்குறப்பவே போயிடலாம்."

செக்யூரிட்டிக்காரர் கையில் ஒரு ரிஜிஸ்டரோடு அவளை நோக்கி வந்தார். "நீங்கதானே அந்த எண்ணெய் கலந்தவங்க? பேரு, வீட்டு அட்ரஸ் எழுதணும். போயிடாதீங்க."

"போவல" என்றாள் சிந்தியா. புருஷன் கையை விலக்கிவிட்டு பேனாவுக்குக் கை நீட்டினாள். "முதல்ல இன்னொண்ணு எழுதிக்கோங்க சார். ப்ரெட் வெட்டிக் குடுத்த சரளா மேல எந்தத் தப்பும் இல்ல."